பூஜ்யத்தைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி

அக்காவின் இடுப்பெலும்பை உடைத்தது குளியலறைத் தரை. அந்தத் தரைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது தன் பாட்டுக்குக் கிடந்தது, அக்காதான் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, கைதட்டி நடத்தப்பட்டது. ஆகவே என்னிடம் இருக்கிற கோபம் முழுவதையும் ஆஸ்பத்திரிக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் செய்கிற தப்புக்கு என் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதிப்பது என் பிழைப்பு. கத்திக் கத்தித் தொண்டை தகரமாகிவிட்டது. அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றாலே இடுப்பளவு இன்னது என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன், என் மாமா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் கடித்தால் நாயின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிற மனிதர். சட்டைப் பையில் பேனா குத்தியவர் யார் எதைச் சொன்னாலும், படித்தவர்கள் சொன்னால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்பார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எதிரே தெரிவது ஒரு பூஜ்யம். ஆள் உயரத்துக்குச் சிவப்பு விளக்குப் போட்ட பூஜ்யம். அதன் கீழே ‘சிறுநீர்க் குழாய்த் தொற்று விகிதம்’ என்று எழுதி, அதற்கும் கீழே போன வருஷம் வாங்கிய வெள்ளிக் கேடயத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், வெள்ளை ரப்பர் பூட்ஸும் கையில் தடியுமாகக் கிருமி ஒழிப்புப் படையினர் காவல் நின்றார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆனவர்களால் எழுந்து போக முடியாது. அதனால் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அது வழுக்கி வெளியே வராமல் இருக்க உள்ளே இருக்கும் நுனியில் ஒரு சின்ன பலூனைத் தண்ணீரால் ஊதி, வெளியே ஒரு பையைத் தொங்கவிடுவார்கள். குழாய் வழியாகக் கிருமி ஏறினால் காய்ச்சல் வரும். ரத்தத்தில் கலந்தால் ஆளே போய்விடலாம். கிருமி ஏறவிடாமல் தடுப்பது படையின் வேலை. நல்ல வேலைதான். நான் அதைக் குறை சொல்லவில்லை.

அக்காவுக்குக் குழாய் போட்டதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். முழங்கை வரை கழுவினார்கள். கழுவிய கையைக் காற்றில் பிடித்துக்கொண்டே உறுதிமொழி சொன்னார்கள். உறை பிரிக்காத குழாய்ப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, கிழியவில்லை, நனையவில்லை என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த வார்டு ஊழியருக்கு மூக்கு அரித்தது. பாவம், சொறிந்துவிட்டார். படைத்தலைவர் பூட்ஸ் காலால் அவர் வயிற்றில் ஓங்கி ஒன்று விட்டார். மனிதர் சுருண்டு விழுந்து, வாசல் வரை ஊர்ந்துபோய், அங்கே ரத்தமாக வாந்தி எடுத்தார். அவர் ஊர்ந்த தடத்தை உடனே மருந்து போட்டுத் துடைத்தார்கள்.

"என்ன ஒரு ஒழுங்கு பாத்தியா மாப்ளே" என்று மாமா கண் கலங்கினார்.

ஒழுங்குதான். அன்றைக்கு அக்காவின் உடம்புக்குள் ஒரு கிருமிகூடப் போயிருக்காது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். படைத்தலைவரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே வார்டில் எல்லாரும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நாங்கள் அவரை ‘பூட்ஸ்’ என்றே அழைத்தோம், அவர் காதில் விழாமல். அடிப்பதிலும் பூட்ஸுக்கு ஒரு நெறி இருந்தது. ஒருவரை அடித்த கையுறையால் இன்னொருவரை அடிக்க மாட்டார். கழற்றி, குப்பையில் போட்டு, புதுசு மாட்டிக்கொண்டுதான் அடுத்த கன்னத்துக்கு வருவார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள். இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். குழாயும் பையும் கூடவே ஆடிக்கொண்டு வந்தன. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், எனக்குத்தான் நடக்க வருதே. நானே கக்கூஸ் போயிக்கிறேன். இந்தச் சனியன எடுக்கச் சொல்லு."

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வார்டு நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு இடது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்களைப் பட்டை வைத்துக் கட்டியிருந்தது. அந்த வார்டில் ஒரு பெரியவருக்குக் குழாய் தேவையில்லை என்று டாக்டரே சொல்லி, நர்ஸ் எடுத்துவிட்டாராம். பூட்ஸ் வந்து அவர் விரல்களை மருந்து அலமாரியின் இழுப்பறையில் வைத்து மூடினாராம். அந்தப் பெரியவருக்கு மறுநாளே திரும்பக் குழாய் போட்டுவிட்டார்களாம். நர்ஸ் இதையெல்லாம் சாப்பாடு ஆறிப்போச்சு என்பதுபோலச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் குழாய் போடுவதற்கு ஒரு துறை உண்டு, போட்டதைக் காப்பதற்கு ஒரு படை உண்டு. எடுப்பதற்கு மட்டும் யாரும் கிடையாது.

நான் நேரே கண்காணிப்பாளரிடம் போனேன். ஆஸ்பத்திரிக்கே தலைவர் அவர். வெள்ளைக் கோட்டு, வழித்த முகம், மேசைமேல் கை கழுவும் மருந்து ஒரு பூச்சாடி மாதிரி இருந்தது. மாமா கூட வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கண்காணிப்பாளர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கணக்கு ரொம்பச் சுலபம் தம்பி. மேல தொற்று, கீழ குழாய் நாள். மேல இருக்கிறதைக் கீழ இருக்கிறதால வகுத்தா விகிதம். உங்க அக்கா உடம்புல குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஒரு நல்ல நாள். அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு அக்கா மேல அக்கறை இருக்கா இல்லையா?"

குழாயை எடுத்துவிட்டால் தொற்று எப்படி வரும், அதுதானே நல்ல தடுப்பு என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. குழாயே இல்லை என்றால் குழாய்த் தொற்றைத் தடுத்தோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்றார். எதிர்ச் சாலை ஆஸ்பத்திரிக்காரன் இப்படித்தான் எல்லார் குழாயையும் எடுத்துவிட்டு, நாள் குறைந்து, கேடயத்தைக் கோட்டை விட்டானாம். கேடயக் குழு சீக்கிரமே நேரில் பார்க்க வருகிறதாம். மாமா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். வரும்போது கண்காணிப்பாளருக்கு நன்றி வேறு சொன்னார்.

என்னதான் சுத்தமாகப் போட்டாலும், தேவையில்லாமல் ஒரு குழாயை உடம்புக்குள் வைத்துக்கொண்டே இருந்தால் கிருமி சும்மா இருக்குமா? அக்காவுக்குக் குளிர் வந்தது. இரண்டு போர்வையைப் போர்த்தியும் பல் தந்தியடித்தது. அடிவயிறு வலி. பையில் சிறுநீர் கலங்கி, கழுநீர்த் தொட்டி மாதிரி நாறியது. நர்ஸ் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்து என் கையில் திணித்துப் பரிசோதனைக் கூடம் இருக்கும் பக்கம் கண்ணைக் காட்டினார்.

நான் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். பரிசோதனைக் கூடத்தின் வாசலில் பூட்ஸ் நின்றிருந்தார். ஒரே வீச்சு. பாட்டில் சுவரில் பட்டுச் சிதறியது, என் கட்டைவிரல் நகமும் அதோடு போனது. நான் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்த, பூட்ஸ் நிதானமாகக் கையுறையை மாற்றினார்.

திரும்பவும் கண்காணிப்பாளர். இந்தத் தடவை அவர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் கையைக் கழுவிக்கொண்டார்.

"டெஸ்ட் பண்ணினா கிருமி தெரியும். தெரிஞ்சா எண்ணணும். எண்ணினா பூஜ்யம் போயிடும். மருந்து குடுத்தாலும் அதே கதைதான், எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாங்க. உங்க அக்கா உங்களுக்கு மட்டும்தான் அக்கா. பூஜ்யம் எல்லாருக்கும் பொதுவானது தம்பி."

அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. இந்த இடத்தில் இருந்தால் அக்கா செத்துப்போவாள். வார்டுக்கு ஓடி, அக்காவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து, பையை அவள் மடிக்குக் கீழே மாட்டி, வாசலைப் பார்த்துத் தள்ளினேன். வெளியே என் வண்டி நின்றது, ‘பயிற்சி’ என்று பலகை கட்டிய வண்டி. பூஜ்யத்தைத் தாண்டும்போது பிடித்துவிட்டார்கள். குழாய் ஆஸ்பத்திரிச் சொத்து, சொத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. நான்கு பேர் அடித்தார்கள். முன்பல் ஒன்று தொண்டைக்குள் போனது. ஒரு தடி முழங்கையில் விழுந்தபோது எலும்பு கிர்ரென்றது. நான் திருப்பி ஒருவன் காதைக் கடித்தேன், கிடைத்தது காதுதான். அக்கா நாற்காலியில் இருந்தபடி, என் தம்பியை விடுங்கடா பாவிகளா என்று காய்ச்சல் குரலில் கத்திக்கொண்டே இருந்தாள்.

மாமா கைக்குட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே, அவங்க சட்டத்தை நாம மீறிட்டோம் மாப்ளே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையும் கடித்திருப்பேன், முன்பல் இருந்திருந்தால்.

கண்காணிப்பாளருக்கும் மனசு இளகியதாம். அன்று மத்தியானமே ஆள் அனுப்பினார். ஒரு வழி இருக்கிறது என்றார். விகிதம் மிகச் சின்ன பின்னமாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளலாம் என்று விதி. ஆஸ்பத்திரியில் குழாய்கள் ஏராளமாக இருந்துவிட்டால், ஒரே ஒரு தொற்று அதற்குள் உப்பு மாதிரிக் கரைந்துவிடும். அக்காவுக்குத் தாராளமாக டெஸ்ட் செய்யலாம், மருந்தும் கொடுக்கலாம். தேவை ஆட்கள்தான். நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மாமா கையைத் தூக்கினார். தபால்காரர் அல்லவா, கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர். அவருக்குக் குழாய் போட்டபோது நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் வலியில் துடித்ததில் கட்டில் கம்பியில் மண்டை மோதி நெற்றி கிழிந்தது. முடிந்ததும் அவர்களிடம் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னார். நானும் படுத்தேன். என் பிழைப்பில் ஒரு காலும் பிரேக்கும்தான் முக்கியம், இரண்டையும் பற்றி அந்தச் சமயத்தில் நினைவே வரவில்லை. அக்காவுக்காகப் படுத்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆஸ்பத்திரி அதிரும்படி ஊளையிட்டேன் என்பதிலும் வெட்கமில்லை.

இரண்டு பேர் போதவில்லை. கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரலாம், வெறும் உடம்போடு போகக் கூடாது என்றார். படை நடைக்கூடங்களில் இறங்கியது. டீ கொண்டுவந்தவரைப் பிடித்தார்கள். மின்தூக்கி இயக்குபவரை மின்தூக்கிக்குள்ளேயே வைத்துப் போட்டார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த ஒரு பெரிய குடும்பம் மொத்தமும் மாட்டியது. குழந்தைக்கு அளவான குழாய் இருப்பில் இல்லாததால் அது தப்பித்தது.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு முறை இருந்தது. எதிர்க்கிறவர் காலை உடைப்பார்கள். கால் உடைந்தவர் எலும்புப் பிரிவு நோயாளி. எலும்புப் பிரிவு நோயாளிக்கு எழுந்து போக முடியாது. ஆகவே குழாய். ஒரு வக்கீல் இதில் சட்டப்படி ஓட்டை கண்டுபிடித்து உரக்கப் படித்தார். அவருக்கு இரண்டு காலும் போனது.

வார்டுகளுக்குள் போட்டி வேறு வந்துவிட்டது. எந்த வார்டில் குழாய் அதிகமோ அந்த வார்டுக்குக் கேடயத்தோடு நின்று படம் எடுக்கும் உரிமை. ஆண்கள் வார்டுக்காரர்கள் எலும்புப் பிரிவுக்குள் புகுந்து நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எலும்புப் பிரிவு டாக்டர்கள் குளுக்கோஸ் தொங்கவிடும் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு துரத்தினார்கள். நடைக்கூடத்தில் மண்டைகள் உடைந்தன. ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியரின் மூக்கை மின்தூக்கிக் கதவில் வைத்து நசுக்கினார். கட்டிலை இழுக்கிற வேகத்தில் யாரோ ஒருவர் கட்டிலுக்குப் பதிலாகக் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார். உள்ளே பலூன் ஊதியபடியே இருந்தது. அந்தக் கட்டிலில் கிடந்த ஆளின் அலறலைக் கேட்டுச் சண்டை போட்டவர்களே ஒரு கணம் நின்றுவிட்டார்கள். தரை முழுக்க ரத்தம். கண்காணிப்பாளர் ஓடி வந்து பார்த்தார், வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஒரு நாள் போச்சே" என்றார்.

நான் என் குழாய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் கட்டிலுக்கும் கண்காணிப்பாளரின் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒருவழியாக விகிதம் இறங்கிவிட்டது, ஒரு தொற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். நான் அவர் காலில் விழப்போனேன். கண்காணிப்பாளரின் அறையில் வார்டுத் தலைவர்கள் எல்லாரும் கட்டும் பிளாஸ்திரியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு மருந்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"இருக்கிறது ஒரே ஒரு இடம் தம்பி" என்றார் கண்காணிப்பாளர். "எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேத்தது. அதை உங்க அக்காவுக்குக் குடுத்துட்டா, நாளைக்கு யாருக்காவது நிஜமாவே தொற்று வந்தா நான் என்ன பண்றது?"

நான் மேசையைத் தாண்டி அவர் கழுத்தைப் பிடித்தேன். பிடித்தது ஞாபகம் இருக்கிறது, விட்டது ஞாபகம் இல்லை. எழுந்தபோது நடைக்கூடத்தில் கிடந்தேன். ஒரு கண் திறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. இருபத்தாறு, இருபத்தெட்டு, கொஞ்சம் தளர விடணும், வளர்ற பிள்ளை என்று யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். கை நெருப்பாக இருந்தது. மாமா ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தார். ஒரு தடவை அவள் கண்ணைத் திறந்து என் வீங்கின முகத்தைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது.

"டேய், பயமா இருக்குடா" என்றாள்.

என் அக்கா அதுவரை பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி விரல் நகத்தில் ஏறினாலும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தைப்பவள். ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்று பொய் சொன்னேன். மாமாவும் சொன்னார், ஆனால் அவர் அதை நம்பிச் சொன்னார். மத்தியான வெயில் ஜன்னலில் ஏறியிருந்தபோது அக்கா போய்விட்டாள்.

அவளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டோம். படைத்தலைவர் பூட்ஸ் வந்து, கட்டிலின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். அந்த மனிதர் யோசித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். அவள் நெற்றியைக் கையுறைக் கையால் தொட்டார். காய்ச்சல் இல்லை. குளிர் நடுக்கம் இல்லை. வயிற்று வலி என்று ஒரு முனகலும் இல்லை. குழாய் மட்டும் இருந்த இடத்தில் ஒழுங்காக இருந்தது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓட்டமாக ஓடி, கண்காணிப்பாளரைக் கையோடு அழைத்து வந்தார்.

பொழுது சாய்வதற்குள் பிணவறைக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலுக்குத் திரை, வாசலுக்கு ‘முன்மாதிரி வார்டு’ என்று பலகை. அங்கே ஏற்கெனவே கிடந்தவர்களுக்கும் குழாய் போட்டார்கள். கையைக் கழுவி, உறுதிமொழி சொல்லி, உறை பிரிக்காத பொட்டலத்தைச் சாட்சி வைத்துப் பிரித்துத்தான் போட்டார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தத் தடவை யாரையும் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மாமா பிணவறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் வீட்டம்மாவை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார். கேடயக் குழு வந்து பார்த்த பிறகு என்றார்கள். சரிங்க என்றார்.

மறுநாள் காலையில் குழு வந்தது. மொத்தம் ஐந்தாறு பேர், எல்லாருடைய சட்டைப் பையிலும் பேனா இருந்தது. கண்காணிப்பாளர் அவர்களை நேரே அக்காவிடம்தான் அழைத்து வந்தார். வெள்ளைத் துணியைக் கழுத்து வரை மடித்துவிட்டிருந்தார்கள். தலையைச் சீவிவிட்டிருந்தார்கள், வகிடு மட்டும் தப்பான பக்கத்தில் இருந்தது. கேடயம் பின்னாலேயே ஒரு தள்ளுவண்டியில் வந்தது.

"இந்தம்மாவைப் பாருங்க" என்றார் கண்காணிப்பாளர். "இடுப்பு ஆபரேஷன். குழாய் போட்டதிலிருந்து ஒரு நாள்கூட எடுக்கலை. இப்ப காய்ச்சல் இருக்கா? இல்லை. தொற்று இருக்கா? இல்லை. ஒரு நோயாளி ஆஸ்பத்திரியோட முழுசா ஒத்துழைச்சா என்ன சாதிக்கலாம்கிறதுக்கு இதைவிட உதாரணம் கிடையாது. உயிரோட இருக்கிறவங்களும் இதைப் பாத்துக் கத்துக்கணும்."

குழுவினர் குனிந்து பையைப் பார்த்தார்கள். பை தரையைத் தொடாமல் சரியான உயரத்தில் தொங்குகிறது என்று ஒருவர் பாராட்டினார். கைதட்டினார்கள். அந்தச் சின்ன அறையில் சத்தம் பெரிதாகக் கேட்டது. என் கால் தானாகத் தரையை அழுத்தியது, பிரேக் இருப்பதுபோல.

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார். தன் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, குழுவினரை வழிவிடச் சொல்லி, தள்ளாடி நடந்து போய்ச் சுவரோரம் நின்றிருந்த நர்ஸிடம் நின்றார்.

"அம்மா, அவளுக்கு இது பிடிக்கலை. எடுக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க எடுத்துக் குடுத்துடுறீங்களா?"

பூட்ஸ் ஓரடி முன்னால் வந்தார். நான் குறுக்கே நின்றேன். திறக்கிற ஒரு கண்ணால் அவரைப் பார்த்தபடி நின்றேன், குழு பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் நின்றார். நர்ஸ் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை எடுத்தார். குழாயின் பக்கக் கிளையில் அதைச் செருகி, பலூனில் இருந்த தண்ணீரை உறிஞ்சினார். ஒரு வாய்த் தண்ணீர்கூட இருக்காது. அப்புறம் கட்டுப்போடாத விரல்களால் குழாயைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சுருட்டித் தட்டில் போட்டுவிட்டு, துணியைச் சரி செய்தார்.

மாமா தட்டைப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதாங்கய்யா" என்றார் நர்ஸ். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மாமா தலையாட்டினார். தன் பையைப் பத்திரமாகக் கட்டில் கம்பியில் மாட்டினார். தள்ளுவண்டியிலிருந்த கேடயத்தை இரண்டு கையாலும் எடுத்தார். குழுவில் ஒருவர், பரிசை வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்து மறுபடி கைதட்டினார். மாமா கேடயத்தின் விளிம்பால் கண்காணிப்பாளரின் முகத்தில் அடித்தார். கீழே விழுந்தவர்மேல் குழாயோடு குனிந்து, வலியில் முனகிக்கொண்டே, திரும்ப அடித்தார். கையுறை, கையுறை போடாமல் அடிக்கிறான் என்று கண்காணிப்பாளர் குழுவிடம் முறையிட்டார். மாமா வாழ்நாளில் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. நான் பூட்ஸின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமாவை நிறுத்தச் சொல்லி யாரோ என்னிடம் கெஞ்சினார்கள். நான் சொல்லவில்லை.